எந்த மருந்து?

இனிமேல் தூங்குவது என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். தூக்கம் வருகிறவனுக்கு இதில் முடிவு செய்ய ஒன்றுமில்லை. தலையைச் சாய்த்தால் போதும். எனக்கு அப்படியில்லை. இரண்டு வருஷமாகப் படுத்தால் கண் மூடும். கண் மூடினால் மனசு திறந்துகொள்ளும். மருந்து ரூமைப் பூட்டினேனா? பூட்டினேன். சாவியை இரண்டு சுற்றும் சுற்றினேனா? சுற்றினேன். சுற்றியது இன்றைக்கா, நேற்றைக்கா? அவ்வளவுதான். அப்புறம் விடிகிறவரை படுத்த இடத்திலேயே பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மருந்து ரூம் என்றவுடன் ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். வெயில் ஏறுமுன் மருந்தைச் சலித்துக் கலப்பது என் கை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொறி விழுந்ததில்லை. ஊரில் சோலைமலை என்ற பெயரில் நாலு பேர் உண்டு. மருந்துக்காரச் சோலைமலை நான் ஒருத்தன்தான். காய்ச்சலுக்குக் குடிக்கிறதையும் நாங்கள் மருந்து என்றுதான் சொல்லுவோம். எந்த மருந்து என்பதைப் பேசுகிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஒருநாள் முகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டேன்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் கோபம் முத்துப்பேச்சிமேல். என் மனைவி. நான் இந்தப் பாடு படுகையில் அவள் தூங்குகிறாள். சும்மா தூங்கினாலும் பரவாயில்லை, குறட்டையோடு தூங்குகிறாள். பாய் விரிக்கிற சத்தம் கேட்கும். அடுத்து குறட்டை கேட்கும். நடுவில் ஒரு கொட்டாவிக்குக்கூட இடமில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து இறக்கிவைத்த தூக்கத்தை ஒருத்தியே அள்ளிக்கொண்டு போனால் மற்றவன் என்ன செய்வான்? இந்தக் கோபம் நியாயமா என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். நியாயம்தான் என்று நானே பதிலும் சொல்லிவிடுவேன்.

பயம் தூக்கத்தோடு நிற்கவில்லை. வீட்டில் தீப்பெட்டி கூடாது என்று உத்தரவு போட்டேன். சுற்றிப் பத்து ஊரிலும் தீப்பெட்டி ஒட்டுகிறார்கள். இந்தியா முழுக்க எங்கள் தீக்குச்சியில்தான் அடுப்பு எரிகிறது. என் வீட்டில் மட்டும் முத்துப்பேச்சி கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயிடம் கங்கு வாங்கப் போவாள். அந்த வருஷம் தெருவுக்குக் கரண்டு வந்தது. எல்லா வீட்டிலும் பல்பு எரிந்தது. நான் கம்பியை வாசற்படி தாண்ட விடவில்லை.

"நெருப்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சூரியனையாவது வர விடுவீகளா?" என்று கேட்டாள்.

இன்னொன்றும் கேட்பாள். வாரம் தவறாமல் கேட்பாள். மருந்து ரூமை விட்டுவிட்டு லேபிள் செட்டுக்கு மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று. லேபிள் செட்டில் என்ன வேலை தெரியுமா? பெட்டியில் ஒட்டிய படம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. வெடிமருந்தை அடக்கியவனைப் பசைச் சட்டிக்குக் காவல் வைக்கப் பார்க்கிறாள். ஒவ்வொரு வாரமும் கத்தினேன். ஒவ்வொரு வாரமும் அவள் சோறு போட்டாள்.

கத்தினேனே தவிர, கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் சொன்ன காரணம், மிளகாய் மண்டி அப்துல் ஹலீம் பாயைப் பார்த்து வருஷத்து வத்தல் வாங்கி வருவது. ஹலீம் பாய் எனக்குப் பழைய சிநேகிதர். முத்துப்பேச்சியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் போனதோ டாக்டரிடம்.

டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், நாக்கைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். விரல்கள் தந்தி அடித்தன.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் சிவகாசிவரை போய்விடும். கை நடுங்குகிற போர்மேனை எந்தக் கம்பெனி மருந்து ரூமுக்குள் விடும்? தீபாவளி சீசன் ஆர்டர் வேறு குவிந்து கிடக்கிறது. மிளகாய் மண்டி என்றேன். எந்த மண்டி என்றார். ஹலீம் பாய் மண்டி என்றேன். பொய் சொன்னால் விலாசத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கை நாசமாய்ப் போக.

உடம்பில் கோளாறு இல்லை, மனப்பதட்டம்தான் என்றார் டாக்டர். பதட்டத்தால் தூக்கம் வரவில்லையாம். தூக்கம் வராததால் பதட்டம் கூடுகிறதாம். இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தேன்? இதை எனக்கு என் பாயே சொல்லுமே. காரத்தைக் குறை, பொழுது சாய்ந்தால் காப்பி கூடாது, படுக்குமுன் வெந்நீரில் காலை வை, மனசில் இருப்பதை வீட்டில் சொல்லு என்று நாலு உத்தரவு போட்டார். பிறகு கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் மிக்சர் ஊற்றிக் கொடுத்தார். கருப்பட்டிக் காப்பி நிறம். பாட்டிலின் பக்கத்தில், அளவு காட்ட, பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம். படுக்குமுன் ஒரு பல் அளவு.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "காலையிலயும் கொஞ்சம் மந்தமா இருக்கும். நெருப்பு, மிஷின் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இதை நான் கொடுக்கிறதே இல்ல. நீங்க நல்லவேளை, மிளகாய்."

வழியெல்லாம் அந்த 'நல்லவேளை' என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தேன். முத்துப்பேச்சி என் கையைப் பார்த்தாள்.

"வத்தல் எங்க?"

மறந்தே போய்விட்டேன்.

"விலை சரியில்ல."

"ஹலீம் அண்ணன் உங்களுக்கு என்னைக்கு விலை சொன்னாக? விருதுநகர் மண்டிக்குப் போயி ஒரு தும்மல்கூட இல்லாமத் திரும்புன ஆளு நீங்க ஒருத்தர்தான்."

பாட்டிலைக் கம்புக் குலுக்கைக்குள், தானியத்துக்கடியில் புதைத்து வைத்தேன். அவளிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொள்வாள். முதலாளி வீட்டம்மாவிடம் போய் நிற்பாள். மருந்துக்காரச் சோலைமலை பசைச் சட்டிக்குப் போய்விடுவான். ஆகவே ரகசியம்.

முதல் இரண்டு நாளும் மருந்து வேலை செய்யவில்லை. உப்புக் கரித்தது. தூக்கம் வரவில்லை, விடிந்தபின் மந்தம்தான் வந்தது. இரண்டாம் நாள் காலையில் மருந்து ரூமில் சல்லடையோடு நிற்கிறேன். எதிரில் ஒரு குவியல். அது சலித்ததா, சலிக்காததா? தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. பக்கத்து ரூமில் ராக்காயி சரவெடி பின்னிக்கொண்டே யாரையோ கேலி பண்ணிச் சிரிக்கிறாள். அவளோடு இன்னும் நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு அந்தக் குவியலை அப்படியே கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் கரைத்தேன். என்னோடு வேலை பார்க்கிற பெத்தணன் கேட்டதற்கு, ஈரம் பட்டுவிட்டது என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ரூமுக்குள் நான் சொன்ன முதல் பொய்.

அன்றைக்கே பாட்டிலைக் கொட்டியிருக்க வேண்டும். அல்லது அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. ஏன் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்மேல் வந்த கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், ரசத்தில் பெருங்காயம் போதவில்லை என்று முத்துப்பேச்சிமேல் இறக்கிவைத்தேன்.

மூன்றாம் நாள்தான் அதிசயம். ஒரு பல் குடித்தேன். நாக்கு பழகிவிட்டது போல, லேசாக இனித்தது. படுத்தேன். விடிந்துவிட்டது. நடுவில் ஒன்றுமே இல்லை. பூட்டு இல்லை, சாவி இல்லை. நாலாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் சைக்கிளில் போகும்போது சீட்டி அடித்தேன் என்று பெத்தணன் சொன்னான். தலையில் மந்தமும் இல்லை. மருந்து உடம்பில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். டாக்டர் பெரிய டாக்டர்தான் என்று நினைத்தேன்.

ஆனால் மனுஷன் நிம்மதியாக இருக்க வீட்டில் விட வேண்டுமே. எனக்குத் தூக்கம் வந்தது, முத்துப்பேச்சி கெட்டுப்போனாள். அதே மூன்றாம் நாளிலிருந்து குழம்பு வெளுத்துவிட்டது. அடுப்படியில் யாரோ கொண்டுவந்த மாதிரி ஒரு பை நிறைய வத்தல் இருக்கிறது. குழம்பில் ஒரு வத்தல் கிடையாது. சாயங்காலக் காப்பியை நிறுத்திவிட்டாள். பால் திரிந்துவிட்டதாம். மூன்று நாளும் தொடர்ந்து திரியுமா? படுக்கப் போகும்போது வெந்நீர்ச் சட்டியைக் காலடியில் நகர்த்தி, 'காலெல்லாம் புழுதி, பாயில ஏறாதீக' என்றாள். டாக்டர் சொன்னதையே இவள் சொல்லாமல் செய்கிறாளே என்று தோன்றியிருக்க வேண்டும். கோபக்காரனுக்கு எதுதான் தோன்றும்? வயசாக வயசாக இவளுக்குக் கஞ்சத்தனம் முற்றுகிறது என்றுதான் தோன்றியது.

இன்னும் கொடுமை, காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். கோழிக்கு முன்னால் எழுகிறவள், பால்காரர் வந்து மூன்று தரம் சொம்பைத் தட்டியும் அசையவில்லை. நான் எழுப்பினால் இமையைக் கையால் தூக்கிப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். 'ஏற்கனவே தூங்கினது போதாதா' என்று கத்தினேன். ஒரு கொட்டாவிதான் பதில்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கம்பெனிக்கு லீவு. குலுக்கையில் கையை விட்டால் பாட்டில் இல்லை. முழங்கைவரை விட்டேன். தோள்வரை விட்டேன். கம்புதான் வந்தது. சரி, கண்டுபிடித்துவிட்டாள். இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் முதலாளி வீட்டுக்குப் போகுமுன் அவள் வாயை அடைக்க வேண்டும். கொல்லைக் கிணற்றில் நாலு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே திட்டம் போட்டேன். அவள் என்ன சொன்னாலும் ஆமாம் போடுவது. மருந்தை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுவது. டாக்டரிடம் வேறு பாட்டில் வாங்கிக்கொண்டால் போகிறது.

ஈரத்துண்டோடு கொல்லை வழியாக அடுப்படிக்குள் வந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து விசயம் எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள், திரும்பாமலே.

"தெரிஞ்சா சரி."

"கை நடுங்குதா இல்லையா?"

"நடுங்குது."

"அம்மிச் சத்தத்துல கேக்கல. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க."

"நடுங்குது" என்று கத்தினேன். "காலையில தலையும் சுத்துது. போதுமா?"

"அப்புறம் எதுக்கு அந்த மருந்து?"

"இனிமே வேண்டாம். அது எனக்கு ஒத்துக்கல."

"முதலாளிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? அவுக அப்பா காலத்துலருந்து இருக்கேன். எனக்கு இனி முடியலன்னு என் வாயாலயே சொல்லவா? வெக்கமா இருக்கு முத்துப்பேச்சி."

நான் போட்ட திட்டத்தில் இந்த வாக்கியம் இல்லை. எங்கிருந்தோ அதுவாக வந்தது. அம்மி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"இனி மருந்தைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"கருப்பசாமிமேல சத்தியம். என் ஆயுசுக்கும் மருந்தைத் தொடமாட்டேன். தீர்ந்துச்சா?"

அவள் கையைக் கழுவினாள். முன்னறைப் பக்கமாகத் திரும்பினாள்.

"கேட்டுச்சா முதலாளி?"

முன்னறையிலிருந்து எங்கள் முதலாளி செல்லச்சாமி எழுந்து வந்தார். கையில் மோர் டம்ளர். கண் கலங்கியிருந்தது. என் இடுப்பில் ஈரத்துண்டு.

"எங்கிட்ட சொல்ல என்ன வெக்கம், அண்ணாச்சி? மருந்து ரூம்ல கை நடுங்குதுன்னு தானா முன்வந்து சொல்ற போர்மேன நான் இந்தச் சீமையிலயே பார்த்ததில்ல. நீங்க மனுசன்."

என் வாய் திறந்தது. நான் சொன்னது அந்த மருந்து இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் எந்த மருந்து என்று அவர் கேட்பார். தூக்கத்துக்கு மிக்சர் குடித்துவிட்டு ஒரு வாரமாக உங்கள் வெடிமருந்தைக் கலக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அதற்குப் பதில் சொல்ல வேண்டும். என் வாய் மூடியது.

பெத்தணன் போர்மேன் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்றார் முதலாளி. நாளையிலிருந்து நீங்கள் லேபிள் செட்டுக்குப் பெரிய போர்மேன் என்றார். இந்தப் பதவியை அந்த நிமிஷம்தான் உண்டாக்கினார் என்று நினைக்கிறேன். மோரைக் குடித்து முடித்தார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாராம். அந்த யோசனையும் இவளுடையதுதான்.

அவர் தலை மறைந்ததும் கோபத்தில் ஆடினேன். இருபத்திரண்டு வருஷத்தை ஒரு அம்மிக் கல்லில் வைத்து அரைத்துவிட்டாயே என்றேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் அன்று சாயங்காலமே ஹலீம் பாயைப் பார்த்து, உங்கள் மண்டியில் இருக்கிற சோலைமலைக்குத் தூக்கத்துக்கு மிக்சர் கொடுத்திருக்கிறேன், கவனித்துக்கொள்ளுங்கள் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பாய் ஒன்றும் புரியாமல் மூன்றாம் நாள் ஒரு பை வத்தலோடு இங்கே வந்திருக்கிறார். நான் வேலைக்குப் போன நேரம். நாலு உத்தரவும் அந்த 'நல்லவேளை'யும் அப்படியே வந்து சேர்ந்துவிட்டன. இவள் குலுக்கையைத் துழாவியிருக்கிறாள். முதலாளி வீட்டம்மாவைப் பார்த்திருக்கிறாள். முதலாளி, அண்ணாச்சி வாயால் கேட்டால்தான் மாற்றுவேன், நானாக மாற்றினால் அவர் மனசு நோகும் என்றாராம். ஆகவே அம்மி. மிக்சர் விஷயத்தை மட்டும் இவள் அங்கே மூச்சு விடவில்லை.

"அப்ப மூணாம் நாளுலருந்து நான் குடிச்சது?"

"கருப்பட்டித் தண்ணி. கூட ஒரு கல் உப்பு. மந்தத்தோட உங்கள மருந்து ரூமுக்கு அனுப்பச் சொல்றீகளா?"

ஒரு துண்டுக் கருப்பட்டியிடமா இரண்டு வருஷப் பயம் தோற்றது? அப்படியானால் அது என்ன பயம்? நான் என்ன மனுஷன்?

"டாக்டர் குடுத்தது?"

"நான் குடிச்சுட்டேன்."

"உனக்கு எதுக்கு? நீதான் கட்ட மாதிரித் தூங்குறவளாச்சே."

"யாரு தூங்குனா? குறட்டை விட்டாத்தான் 'பூட்டுனேனா, பூட்டுனேனா'ன்னு என்னைய உலுக்க மாட்டீக. அதான் விட்டேன்." அரைத்த தேங்காயை வழித்துச் சட்டியில் போட்டாள். "நீங்க சைக்கிள எடுத்தா, திரும்பி வந்து மணியடிக்கிற வரைக்கும் என் காது அச்சங்குளத்துலதான் கெடக்கும். ரெண்டு வருசமா இல்ல. இருபத்திரண்டு வருசமா."

இதற்கும் கோபப்படலாம் என்று முயன்று பார்த்தேன். சரியாக வரவில்லை.

இப்போது லேபிள் செட்டில் இருக்கிறேன். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. வீட்டில் ஒரு தீப்பெட்டி வந்திருக்கிறது. ஆனால் கவலை விசுவாசமான பிராணி, எங்கே போனாலும் கூடவே வருகிறது. போன வாரம் ஒரு லோடு கிளம்பிப் போனது. புஸ்வாணப் பெட்டியில் சங்குசக்கர லேபிளை ஒட்டிவிட்டோமோ? ஒட்டியிருந்தால்? புரண்டு புரண்டு படுத்துப் பார்த்தேன். கடைசியில் மானத்தை விட்டுக் கேட்டேன்.

"முத்துப்பேச்சி, அந்தப் பாட்டில்ல ஒரு பல்லு ஊத்திக் குடேன்."

"எதை?"

"அதான்... அந்த மருந்தை."

வாய் தவறிவிட்டது.

"கருப்பசாமிமேல சத்தியம் பண்ணியிருக்கீக" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்து, குறட்டையை ஆரம்பித்தாள்.